வீட்டுக்கு வந்த விளையாட்டு – 14: தோற்றவற்றைச் சேர்த்தவர்கள்

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தச் சரிவில் நிறுவனங்கள் என்ன ஆயின என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். பொருள்கள் என்ன ஆயின என்று எழுதியவர்கள் குறைவு. முப்பது டாலர் அளவில் விற்ற கேசட்டுகளைக் கடைக்காரர்கள் கூடையில் கொட்டி ஐந்து டாலருக்கும், கடைசியில் அதற்கும் கீழேயும் தள்ளிவிட்டார்கள். (கார்ட்ரிட்ஜ்தான், நம் ஊர்க் கடைகளில் கேசட் என்றே கேட்டு வாங்கியதால் இந்தத் தொடரிலும் அப்படியே எழுதிவருகிறேன்.) கன்சோல்கள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து காயலான் கடைக்குப் போயின. இன்று அவற்றுக்கு உலகம் முழுவதும் சந்தை இருக்கிறது, விலைப்பட்டியல் இருக்கிறது, அருங்காட்சியகமும் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: அன்றைக்குச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று கையில் காசு புழங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள், தொலைத்த பால்யத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்த நினைவேக்க விளக்கம் பொய்யில்லை. ஆனால் அது வியாபாரத்தை விளக்குமே தவிர வரலாற்றை விளக்காது. நினைவேக்கம் ஜெயித்தவற்றையே நினைத்துக்கொண்டிருக்கும். தோற்றுப்போன இயந்திரங்களைப் பற்றியும், யாரும் விளையாடாத ஆட்டங்களைப் பற்றியும் இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் வேறொரு குணம்: ஒன்று விடாமல் சேர்த்தே தீருவது என்ற பிடிவாதம். ஏக்கமும் பிடிவாதமும் ஒரே ஆளிடம் குடியிருக்கலாம். அவை செய்கிற வேலை வேறு. சில இடங்களில் எதிரெதிரான வேலை.

நினைவு எவ்வளவு நம்பத்தகாத சாட்சி என்பதற்கு அலமகோர்டோ குப்பைமேடு நல்ல உதாரணம். 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை லாரி லாரியாக நியூ மெக்சிகோ மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்குக் கொண்டுவந்து கொட்டிப் புதைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சம்பவம் ஒரு நீதிக்கதையாக உருண்டு திரண்டது. ‘ஈ.டி.’ படத்தை வைத்து ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரங்களில் எழுதிய மோசமான ஆட்டம். அதை யாரும் வாங்கவில்லை. மிஞ்சிய லட்சக்கணக்கான கேசட்டுகளைப் பாலைவனத்தில் புதைத்தார்கள். ஒரு தொழிலே அந்தக் குழியில் போயிற்று என்பது கதை. 2014 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆவணப்படத்துக்காகத் தொல்லியலாளர்களை வைத்துக்கொண்டே அந்த இடத்தைத் தோண்டினார்கள். ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் ‘ஈ.டி.’ பத்தில் ஒரு பங்குதான். மற்றவை ஐம்பதுக்கும் மேற்பட்ட வேறு ஆட்டங்கள். ‘சென்டிபீட்’, ‘மிசைல் கமாண்ட்’ போல நன்றாக விற்றவையும் அவற்றில் இருந்தன. புதைக்கும் பொறுப்பில் இருந்த அட்டாரி அதிகாரியின் கணக்கில் மொத்தம் 7,28,000 கேசட்டுகள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது ஒரு கெட்ட ஆட்டத்தின் கதை இல்லை. அளவு தெரியாமல் உற்பத்தி செய்த நிறுவனம் ஒரு கிடங்கையே காலி செய்த கதை. விளையாடியவர்களின் நினைவு முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, அழுக்கும் துர்நாற்றமுமாக வெளியே வந்த பிளாஸ்டிக் ஒரு நாளில் திருத்திவிட்டது.

இன்னும் பின்னால் போனால் பிடிவாதத்தின் அருமை கூடுதலாகத் தெரியும். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடுவதற்கென விற்பனைக்கு வந்த முதல் கன்சோல் மேக்னவாக்ஸ் ஒடிசி. ராணுவத் தளவாட நிறுவனமான சாண்டர்ஸில் பொறியாளராக இருந்த ரால்ஃப் பேயர் 1966-இல் எழுதிய குறிப்பிலிருந்து பிறந்து, 1972 செப்டம்பரில் கடைக்கு வந்தது. அதன் ஆயுள் முழுவதற்கும் விற்றது சுமார் மூன்றரை லட்சம். ஒலி கிடையாது, வண்ணம் கிடையாது. திரையில் அது காட்டக்கூடியதெல்லாம் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். கூடவே தந்த அட்டைகளைச் செருகினால் ஆட்டம் மாறும். ஆனால் அந்த அட்டைகளுக்குள் சிப் எதுவும் இல்லை, உள்ளேயிருக்கும் மின்இணைப்புகளை மாற்றிப் போடும் வேலையை மட்டுமே அவை செய்தன. டென்னிஸ் மைதானமும் பேய் வீடும் கண்ணாடித் தாள்களில் அச்சாகி வந்தன. அவற்றைத் தொலைக்காட்சிக் கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை இயந்திரம் கணக்கிடாது; அதற்குப் பகடை, சீட்டு, காகிதப் பணம். ஆகவே ஒடிசியின் ஆட்டம் இயந்திரத்துக்குள் இல்லை, பெட்டியில் இருந்த காகிதங்களில்தான் இருந்தது. இந்தக் காகிதங்கள் பிழைத்ததற்கு யாருடைய பால்ய ஏக்கமும் காரணமாக இருந்திருக்க முடியாது. அத்தனை பேர் அதை விளையாடவே இல்லை. பெட்டி, விளக்கப் புத்தகம், உதிரிகள் எல்லாம் சேர்ந்தால்தான் ‘முழுமை’ என்று சேகரிப்பாளர்கள் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். அந்த அளவுகோலுக்காக ஒருவர் பகடையைத் தேடினார், இன்னொருவர் கிழியாத கண்ணாடித் தாளைத் தேடினார். பேயரின் முதல் மாதிரிகள் பிழைத்த காரணம் இன்னும் வறட்டுத்தனமானது. காப்புரிமை வழக்குகளில் அவை சாட்சியப் பொருள்களாகத் தேவைப்பட்டன. 2006-இல் அவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வழக்கறிஞர்களுக்கு வரலாறு நன்றி சொல்லும் தருணங்கள் அபூர்வம். இது அவற்றில் ஒன்று.

ஆட்டத்தைச் சிப்பில் எழுதிக் கேசட்டாக மாற்றிக்கொள்ளும் முறையை 1976-இல் முதலில் கொண்டுவந்தது ஃபேர்சைல்ட் சேனல் எஃப். மறு ஆண்டே வந்த அட்டாரி கன்சோல் அதை ஓரங்கட்டியது. சேனல் எஃப் பொதுநினைவிலிருந்து மறைந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர், கறுப்பினப் பொறியாளர் ஜெர்ரி லாசனின் பெயரும் கூடவே மறைந்தது. அந்த இயந்திரத்தை விடாமல் வைத்திருந்த சிறு வட்டத்தில்தான் இதைச் செய்தது யார் என்ற கேள்வி உயிரோடு இருந்தது. பழைய கணினிகளையும் கன்சோல்களையும் பற்றி எழுதிவந்த பெஞ்ச் எட்வர்ட்ஸ் 2009-இல் லாசனின் நீண்ட பேட்டியை வெளியிட்டார். 2011 மார்ச்சில் தொழில்துறை லாசனை முறையாகக் கௌரவித்தது. அடுத்த மாதம் அவர் காலமானார். ஒரு மாத இடைவெளி. தோற்ற இயந்திரம் ஒன்றை யாரும் வைத்திருக்காமல் போயிருந்தால் அந்த ஒரு மாதமும் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

சேகரிப்பு ஓர் ஒழுங்குக்கு வந்தது 1990களில். ஜோ சான்டுலி 1991-இல் ‘டிஜிட்டல் பிரஸ்’ என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் கேசட்டுகளின் அரிய தன்மைக்கு மதிப்பெண் போடும் கையேடும் அதிலிருந்து வந்தது. லெனார்ட் ஹெர்மன் 1994-இல் வீட்டு வீடியோ கேம்களின் வரலாற்றைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். பதிப்பகங்களுக்கு அப்போது இதில் ஆர்வம் இருக்கவில்லை. பட்டியல் என்று ஒன்று வந்தபிறகு சேகரிப்பாளரின் மனம் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. பட்டியலில் நல்ல ஆட்டம், கெட்ட ஆட்டம் என்ற பாகுபாடு கிடையாது. கையில் இருப்பது, இல்லாதது என்ற பாகுபாடு மட்டும்தான். அமெரிக்காவில் நின்டெண்டோ என்இஎஸ்ஸுக்கு உரிமத்தோடு வந்த ஆட்டங்கள் எழுநூறுக்குச் சற்றுக் குறைவு. முழுத் தொகுப்பு வேண்டும் என்று கிளம்பியவருக்கு மரியோ எவ்வளவு முக்கியமோ அவ்வளவே முக்கியம், வந்த மாதமே செத்துப்போன ஏதோ ஒரு வினாடி வினா ஆட்டமும். அட்டாரி கன்சோலுக்கு ‘ஏர் ரெய்டு’ என்று ஓர் ஆட்டம் வந்தது. வெளியிட்டது மென்-ஏ-விஷன் என்ற, வேறு எதையும் வெளியிட்டதாகத் தெரியாத நிறுவனம். அதன் பெட்டியோடு கூடிய பிரதி ஒன்று 2010-இல் 31,600 டாலருக்குப் போனது. வாங்கியவர் அதைச் சிறுவயதில் விளையாடிய ஏக்கத்தில் வாங்கியிருக்க வாய்ப்பே இல்லை. பட்டியலில் ஒரு காலி இடம் அவரை வாங்க வைத்தது.

வெளியாகாத ஆட்டங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஷிகேசாடோ இடோய் உருவாக்கிய ‘மதர்’ 1989-இல் ஜப்பானில் ஃபாமிகாமுக்கு (என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவம்) வந்தது. அமெரிக்காவுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பு 1990-இல் முடிந்தும் நின்டெண்டோ அதை வெளியிடாமல் விட்டுவிட்டது. சோதனைக் கேசட் ஒன்று சேகரிப்பாளர் கைக்குப் போயிருந்தது. 1990களின் இறுதியில் ஆர்வலர் குழு ஒன்று அதை விலைக்கு வாங்கிப் படியெடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. நின்டெண்டோ அதிகாரபூர்வமாக அந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது 2015 ஜூனில். கால் நூற்றாண்டு. வெளியே வராத ஓர் ஆட்டத்தின் மேல் யாருக்கும் பால்ய நினைவு இருக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு உடனே எழும் மறுப்பு: சேகரிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது? முதல் கேசட்டை ஏக்கத்தில் வாங்கியவர்தானே பிறகு முழுத் தொகுப்புக்கு ஆசைப்படுகிறார்? உண்மை. ஏக்கம் கதவைத் திறந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏக்கத்தையே நம்பி ஒரு பொருளைச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று நிறுவனங்களே நமக்குக் காட்டியிருக்கின்றன. நின்டெண்டோ 2016 நவம்பரில் என்இஎஸ்ஸின் குட்டி வடிவத்தை விட்டது. உள்ளங்கை அளவு, எச்டிஎம்ஐ இணைப்பு, உள்ளேயே 30 ஆட்டங்கள். அடுத்த ஏப்ரலுக்குள் 23 லட்சம் விற்று, கடைகளில் அடிபிடியாகி, உற்பத்தி நிறுத்தப்பட்டு, மக்கள் கேட்டதால் 2018-இல் மறுபடி வந்தது. எழுநூறிலிருந்து முப்பது. அந்த முப்பதில் பெரும்பாலானவை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவை. சோனி 2018 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கு இதையே செய்தபோது அதற்குள் ஓடிய எமுலேட்டர் ஆர்வலர்கள் இலவசமாக எழுதித் திறந்துவைத்த பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். தன் சொந்த இயந்திரத்தின் நடத்தையை மீண்டும் உருவாக்க அந்த நிறுவனம் வெளியாட்களின் உழைப்பை நாட வேண்டியிருந்தது. அதன் உள்ளே இருந்த 20 ஆட்டங்களில் சில, வேகம் குறைந்த 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பிரதிகள் என்பதைக் கண்டு சொன்னவர்களும் பழைய டிஸ்க்குகளை அலமாரியில் வைத்திருந்தவர்களே. நூறு டாலருக்கு வந்த பொருள் சில வாரங்களில் அறுபதுக்கு இறங்கியது. ஏக்கத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: தவறான காரணத்தை அன்போடு பற்றிக்கொள்வது. ஓடாத கேசட்டை எடுத்து ஊதிப் போட்டால் ஓடும் என்பது உலகம் முழுவதும், நம் ஊர் உட்பட, ஒரு தலைமுறையின் பொதுநினைவு. கன்சோலைப் பிரித்துப் பழுது பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். முதல் என்இஎஸ்ஸில் கேசட்டை முன்புறமாக நுழைத்து அழுத்தும் அமைப்பு. உள்ளே 72 ஊசிகள் கொண்ட இணைப்பான் நாளடைவில் தளர்ந்துவிடும். வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதுதான் வேலை செய்தது. ஊதியதில் போன ஈரம் தொடுமுனைகளை அரித்தது.

இரண்டாவது மறுப்பு கணினி தெரிந்தவர்களிடமிருந்து வருவது. எல்லா ஆட்டமும் ரோம் கோப்பாகிவிட்டது, எமுலேட்டர் இருக்கிறது; பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? முதல் பதில் எளிது. ஒவ்வொரு ரோம் கோப்பும் யாரோ வைத்திருந்த ஒரு கேசட்டிலிருந்து படியெடுக்கப்பட்டது. அந்தக் கேசட் குப்பைக்குப் போயிருந்தால் கோப்பும் இல்லை. இரண்டாவது பதில், கோப்பு மட்டும் ஆட்டமாகிவிடாது என்பது. 1993-இல் வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ கேசட்டுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனிச் செயலி இருந்தது. கன்சோலால் தனியாகச் செய்ய முடியாத முப்பரிமாணக் கணக்குகளை அதுவே செய்தது. இப்படிப்பட்ட துணைச் சிப்புகள் பல. அவற்றின் உள்ளமைப்பை அறியச் சில சிப்புகளின் மேலோட்டை அமிலத்தால் கரைத்து நுண்ணோக்கியில் படமெடுக்க வேண்டியிருந்தது. ‘நியர்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட நிரலாளர், சூப்பர் நின்டெண்டோவை அச்சு அசலாக எமுலேட் செய்வதற்காக அமெரிக்காவில் வெளியான அதன் கேசட்டுகள் முழுவதையும் திரட்டிப் படியெடுத்தார். எமுலேட்டரின் துல்லியமே சேகரிப்பின் முழுமையிலிருந்து பிறந்தது; இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. அதோடு திரை இருக்கிறது. நின்டெண்டோவின் ஜாப்பர் துப்பாக்கியில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அதைப் பார்க்கும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி அந்த நொடியே வரைந்துவிடும் என்ற நம்பிக்கையில் செய்த அமைப்பு அது. இன்றைய தட்டைத் திரை படத்தை வாங்கிப் பதப்படுத்திக் காட்டும் தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. ஆகவே இந்தத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுட ஆசைப்படுகிறவர் பெரிய குழாய் டிவியையும் வீட்டில் வைத்தாக வேண்டும். சேமித்த ஆட்டத்தைக் காப்பதற்காக ‘செல்டா’ கேசட்டுக்குள் வைத்த பேட்டரி தீர்ந்துபோவதும், மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிப்பதும், வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதும் வேறு. பொருளை வைத்திருப்பவர்கள் அதனோடு மல்லுக்கட்டியதால்தான் அது எப்படி இயங்கியது என்ற அறிவும் சேர்ந்து தங்கியது.

சரி, இதெல்லாம் நிறுவனங்களின் வேலை, இல்லையென்றால் நூலகங்களின் வேலை. பொழுதுபோக்குக்காரர்களை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். நிறுவனங்கள் செய்திருந்தால் கேள்வியே எழாது. கொனாமி 2012-இல் ‘சைலன்ட் ஹில்’ ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிட முனைந்தபோது அவற்றின் இறுதி மூலநிரல் அதனிடமே இல்லை; முற்றுப்பெறாத ஒரு பதிப்பை வைத்து வேலை செய்ததால் அசலில் இல்லாத பிழைகளோடு வந்தது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது. அருங்காட்சியகங்களின் வேரைத் தோண்டினாலும் சேகரிப்பாளர்தான் வருகிறார். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் 2016-இல் திறந்த தேசிய வீடியோ கேம் அருங்காட்சியகம், சான்டுலியும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1990களிலிருந்து கண்காட்சி கண்காட்சியாகத் தூக்கிச் சென்ற சொந்தச் சேகரிப்பிலிருந்து உருவானது. ஜப்பானில் நிறுவனங்கள் ஒரு படி மேலே போய்ப் பழைய கேம் விற்பதையே தடுக்கப் பார்த்தன. தங்கள் படைப்பு திரைப்படம் போன்றது, கைமாறும் ஒவ்வொரு முறையும் தங்கள் அனுமதி வேண்டும் என்று கேப்காம், கொனாமி, எனிக்ஸ் உள்ளிட்டவை வழக்காடின. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முதல் விற்பனையோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது என்று முடிவாகச் சொன்னது. தீர்ப்பு மறுபுறம் போயிருந்தால் டோக்கியோவின் அகிஹாபாரா வட்டாரத்துப் பழைய கேம் கடைகள் அன்றே மூடியிருக்கும். இன்று வெளிநாட்டினர் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகும் ஃபாமிகாம் கேசட்டுகள் ஜப்பானிய வீடுகளின் குப்பைக் கூடைகளில் முடிந்திருக்கும்.

விலை பற்றிய மறுப்புதான் எனக்கு வலுவானதாகப் படுகிறது. சேகரிப்பாளர்கள் புகுந்ததால்தான் பழைய ஆட்டம் சாதாரண ஆளுக்கு எட்டாமல் போனது, வரலாற்றைக் காப்பதாகச் சொல்லிக் கடைசியில் அதைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பண்டாய் 1987-இல் விட்டுச் சீக்கிரமே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்ட ‘ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்’ கேசட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள்; அதே ஆட்டத்தை நின்டெண்டோ பெயர் மாற்றி வெளியிட்ட ‘வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்’ சில டாலருக்குக் கிடைக்கும். ஒட்டியிருக்கும் தாளுக்கு விலை. 2021 ஜூலையில் ‘சூப்பர் மரியோ 64’ ஆட்டத்தின் பிரிக்காத பெட்டி ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஆட்டம் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகள் விற்றது. அரிய பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. அரிதாக இருந்தது உறை கிழியாத நிலை. தனியார் மதிப்பீட்டு நிறுவனம் அதற்கு எண் கொடுத்து, ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் அடைத்து முத்திரை வைத்தது. இப்படிப்பட்ட விலைகள் எப்படி உருவாக்கப்படுகின்றன என்ற கேள்வியோடு 2022-இல் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. இந்தப் பெட்டியை யாரும் திறக்கப்போவதில்லை. படியெடுக்கவோ பழுது பார்க்கவோ அதனால் ஒரு பயனும் இல்லை. என் பார்வையில் இது சேகரிப்பின் உச்சம் இல்லை. ஏக்கம் தன் பொருளைக்கூட உதறிவிட்டுப் பங்குச்சந்தைக்குப் போன நிலை. பிடிவாதக்காரர்களையும் முழுவதுமாக விடுவிக்க முடியாது. வெளியாகாத ஆட்டத்தின் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, படியெடுத்தால் விலை விழுந்துவிடும் என்று பூட்டி வைப்பவர்கள் இந்த வட்டத்தில் எப்போதும் உண்டு. அவர்களிடமும் பொருள் பிழைத்திருக்கிறது என்பதே ஒரே ஆறுதல். காந்தத் தட்டில் இருந்தால் அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

பட்டியலின் பிடிவாதத்துக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, அது நம் பக்கத்தில் இருக்கிறது. பட்டியல் உரிமம் பெற்றவற்றிலிருந்து தொடங்கியது. எனவே உரிமமில்லாமல் உலகின் பாதிக்கு வீடியோ கேமை அறிமுகப்படுத்திய இயந்திரங்கள் அதற்கு வெளியே விழுந்தன. தைவானின் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் ஃபாமிகாமின் செயலிகளை நகலெடுத்தன. அவற்றை வைத்து யார் யாரோ கன்சோல் செய்தார்கள். ரஷ்யாவில் ஸ்டீப்லர் நிறுவனம் 1992-இல் ‘டெண்டி’ என்று பெயரிட்டு விற்றது. அங்கே ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்றாலே டெண்டிதான். இந்தியாவில் 1990களில் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்று வந்தவற்றிலும் மிகப் பல இந்த ஃபாமிகாம் வாரிசுகளே. 9999 ஆட்டம் என்று மேலே அச்சடித்து, உள்ளே சில பத்து ஆட்டங்களையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பக் காட்டிய கேசட்டுகள் நம் கடைகளின் அன்றாடச் சரக்கு. இவற்றைச் செய்தது எந்த ஆலை, மெனுவை எழுதியது யார், மரியோவின் தலையை மாற்றி வேறு ஆட்டமாக்கியது யார் என்பவற்றுக்கு ஆவணம் கிடையாது. பின்னாளில் கன்சோல் முழுவதையும் ஒரே சிப்பாக்கி, அதன்மேல் கறுப்புப் பிசின் சொட்டை ஊற்றிவிட்டார்கள். சிப்பின் மேல் படிக்க ஓர் எண்கூட இல்லை. அசலைச் சேர்த்தவர்கள் இவற்றைப் போலி என்று ஒதுக்கினார்கள். அண்மைக் காலத்தில்தான் ரஷ்யாவிலும் சீனாவிலும் போலந்திலும் சிலர் இவற்றையும் வரிசைப்படுத்தி, பலகை பலகையாகப் படமெடுத்துப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் ஊரிலோ ஏக்கம் நிறைய இருக்கிறது. காண்ட்ரா என்றதும் கண் மலர்பவர்கள் ஏராளம். அந்த ஏக்கம் ஆட்டத்தின் பெயரோடு நிற்கிறது. எந்த உறையில் வந்தது, எந்த நிறுவனத்தின் பெட்டி, என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொள்ளும் பிடிவாதம் இன்னும் தலையெடுக்கவில்லை. ஒடிசியின் கண்ணாடித் தாளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நம் கேசட்டுகளுக்கு இதுவரை இல்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆட்டம் கையில் பிடிக்கக்கூடிய பொருளாக விற்கப்பட்டிருக்க வேண்டும். விற்றவன் திரும்பக் கேட்க முடியாததை மட்டுமே காயலான் கடை காப்பாற்றும். 2000களின் பிற்பகுதியில் கன்சோல்கள் இணையத்தோடு இணைந்தபின் பல ஆட்டங்கள் பதிவிறக்கமாக மட்டுமே வந்தன. 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் இணையக் கடையில் விற்பனையை மூடியது. அங்கே மட்டும் கிடைத்த ஆட்டங்களைத் தேட எந்தப் பழைய பொருள் சந்தைக்கும் போக முடியாது. இன்னும் தெளிவான உதாரணம் ‘பி.டி.’. ஹிடியோ கோஜிமாவும் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த ‘சைலன்ட் ஹில்ஸ்’ ஆட்டத்துக்கு முன்னோட்டமாக 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வந்தது. கொனாமி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, 2015 ஏப்ரலில் முன்னோட்டத்தையும் கடையிலிருந்து எடுத்தது. ஒருமுறை அழித்தவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. சேகரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், ‘பி.டி.’ உள்ளே இருக்கும் கன்சோல்களையே கன்சோலாக வாங்க ஆரம்பித்தார்கள். இபேயில் அவை புதுக் கன்சோலைவிடப் பல மடங்கு விலைக்கு வந்தன. சில ஜிகாபைட் தரவுக்கு உறையாக ஒரு முழு இயந்திரம். அதன் ஆயுளோ உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கன்சோலில் போட்டால் ஆட்டம் ஓடாது, பூட்டு அப்படி. பூட்டுக்கும் உடைப்பவர்களுக்கும் இடையிலான இந்தச் சண்டை 1985-இல் என்இஎஸ்ஸுக்குள் நின்டெண்டோ வைத்த 10என்இஎஸ் சிப்பிலிருந்தே தொடங்குகிறது. அந்தச் சிப்பின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)